மாமியாரின் ஊஞ்சலும் கணவரின் டாடாமிப் பாயும்

வீடு, உள்ளலங்காரம் குறித்த வாசகர் கேள்விக்குக் கட்டடக் கலைஞரின் பதில்

சென்னையிலிருந்து ஒரு வாசகி ஐந்து பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

வாசகிக்கு வயது 37, சொந்த ஊர் சேலம். கணவருக்குக் காரைக்குடிப் பக்கம். ஜப்பானில் நகோயாவில் ஒன்பது ஆண்டு இருந்துவிட்டுச் சென்ற ஆண்டுதான் திரும்பியிருக்கிறார்கள். தென்சென்னையில் மூன்றாம் மாடியில் 1,240 சதுர அடி அடுக்கக வீடு. எட்டு வயது மகள் நகோயாவில் பிறந்தவள். 71 வயது மாமியார் இனி இவர்களோடுதான். ஊரில் பங்காளிகளுக்குப் பொதுவாக இருந்த பெரிய வீடு பிரிபடுகிறது. இவர்கள் பங்குக்கு வந்தவை: ஓர் ஊஞ்சல், உள்ளறை நிலைக்கதவு ஒன்று, பதினோரடித் தேக்குத் தூண் இரண்டு, ஒரு பெரிய அலமாரி, ஆளுயரக் கண்ணாடி, பழைய தஞ்சாவூர்ப் படங்கள், தாழ்வாரச் சுவரிலிருந்து பெயர்த்த பூப்போட்ட ஓடு இரண்டு பெட்டி.

கூடத்துத் தரை முழுக்கச் செட்டிநாட்டு ஆத்தங்குடிக் கல் பதிக்க வேண்டும் என்கிறார் மாமியார். ஓர் அறையாவது டாடாமிப் பாயும் காகிதக் கதவுமாக ஜப்பானிய முறையில் இருக்கட்டும் என்கிறார் கணவர். இவர்கள் அமர்த்திய உள்ளலங்கார நிறுவனம் 14.8 லட்சம் ரூபாய்க்கு ‘ஜப்பாண்டி’ (ஜப்பானும் ஸ்காண்டினேவியாவும் கலந்த பாணி) என்ற பெயரில் ஒரு திட்டம் கொடுத்து, மூன்று லட்சம் முன்பணமும் வாங்கிவிட்டது. அந்தத் திட்டத்தின் படத்தில் டி.வி. சுவர், ஜப்பானியக் கோவில் வாயில் வடிவத்தில் சிவப்பாக நிற்கிறது. குளியலறைக்கு எதிரே ஒரு புத்தர் தலை. நிலைக்கதவு படுக்கவைக்கப்பட்டு, மேலே கண்ணாடி போட்ட சாப்பாட்டு மேசையாகியிருக்கிறது. படத்தைப் பார்த்த மாமியார் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. “நம்முடையது சுத்தமான செட்டிநாட்டு வீடு, அதில் ஜப்பான் சாமானைக் கொண்டுவந்து கலக்காதே” என்று மட்டும் சொன்னாராம்.

இரண்டையும் கலப்பதா, அறைக்கு ஒன்றாகப் பிரிப்பதா, கொடுத்த பணம் திரும்புமா என்று கேட்கிறார் வாசகி. “அத்தையின் பிடிவாதத்தை எப்படித் தளர்த்துவது?” என்றும் கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு இடத்தில் பென்சிலால் கோடு போட்டேன். இரண்டுமே நீங்கள் போகிற போக்கில் எழுதியவை. ஒன்று, அந்தப் பூப்போட்ட ஓட்டுப் பெட்டிகள். மற்றொன்று, மூன்றாம் பக்கத்தின் ஓரத்தில் இருக்கிறது: “மகள் பள்ளியிலிருந்து வந்ததும் ஷூவைக் கழற்றி, குனிந்து, வாசலைப் பார்த்தபடி திருப்பி வைக்கிறாள். இங்கே யாரும் அப்படிச் செய்வதில்லை என்று சொன்னாலும் கேட்பதில்லை.” நிறுவனத்தார் கொடுத்த வண்ணப் படங்களைவிட எனக்கு இந்த இரண்டும் அதிகம் சொல்லின.

முதலில் ஓடு. செட்டிநாட்டு வீடு ‘சுத்தம்’ என்று உங்கள் மாமியார் சொல்வது பாசத்தால் வந்த சொல். உண்மையில் தமிழ்நாட்டிலேயே அதிகம் கலந்த வீடு அதுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1940கள் வரை எழுந்த அந்த வீடுகளுக்குத் தேக்கு பர்மாவிலிருந்து வந்தது. பளிங்கு இத்தாலியிலிருந்தும் நிலைக்கண்ணாடிகள் பெல்ஜியத்திலிருந்தும் இரும்பு உத்தரங்கள் இங்கிலாந்திலிருந்தும் வந்தன. சுவரில் இடுப்பளவுக்குப் பதித்த பளபளப்பான பூ ஓடுகளில் ஒரு பகுதி ஜப்பானிலிருந்து வந்தது. இங்கிலாந்தில் அந்த வகை ஓடு புகழ்பெற்றிருந்த காலத்தில் அதைப் பார்த்து ஜப்பானியர்கள் செய்யத் தொடங்கினார்கள். அவாஜி தீவு போன்ற இடங்களில் செய்து கப்பலில் ஏற்றினார்கள். இந்தியச் சந்தைக்கென்றே நம் சாமிகளின் உருவம் போட்ட ஓடுகளையும் வார்த்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் அவை காரைக்குடி வட்டாரத்து வீடுகளில் ஏறின.

உங்கள் பெட்டியில் இருப்பவை அவைதானா என்பதைப் பார்க்காமல் சொல்ல மாட்டேன். ஓர் ஓட்டை எடுத்துத் திருப்பி, ஒட்டியிருக்கும் சாந்தை ஈரத்துணியால் ஊறவைத்து மெல்ல நீக்கிப் பாருங்கள். பெரும்பாலும் பின்பக்கம் செய்தவரின் முத்திரை இருக்கும். ‘மேட் இன் ஜப்பான்’ என்ற ஆங்கில எழுத்தாகவும் அது இருக்கலாம்.

இருந்தால், அதைக் கொண்டுபோய் மாமியார் முன் வைத்து வாதத்தில் ஜெயித்துவிட வேண்டாம். அவர் பிடிவாதம் பிடிப்பதாக நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஐம்பது ஆண்டுக்கு மேல் புழங்கிய வீடு கண்முன்னே கல்கல்லாகப் பெயர்க்கப்படுகிறது. அந்த வீட்டின் கதவு மேசையாகப் போகிறது என்று கணினிப் படத்தில் காட்டுகிறார்கள். அவருக்குச் சோறு இறங்காததில் வியப்பில்லை. அவருடைய கோபம் ஜப்பான் மீது என்று நீங்கள் எடுத்துக்கொண்டதுதான் முதல் பிழை. தாழ்வாரத்தில் எந்தச் சுவரில் அந்த ஓடு இருந்தது, அதன் கீழே யார் உட்கார்வார்கள் என்று அவரையே கேளுங்கள். ஓட்டின் பின்பக்கம் அந்தப் பேச்சின் நடுவில் தானாக வரட்டும்.

இரண்டாவது பிழை, கலப்பு என்றால் பங்கு பிரிப்பது என்ற எண்ணம். கூடம் செட்டிநாடு, படுக்கையறை ஜப்பான், சமையலறை ஸ்காண்டினேவியா என்று அறைக்கு ஒரு நாட்டைக் கொடுத்தால் வீடு பொருட்காட்சி அரங்குபோல் ஆகிவிடும். செட்டிநாட்டார் அப்படிச் செய்யவில்லை. பெல்ஜியம் கண்ணாடி வந்ததற்காக முகப்பு நகரவில்லை. இத்தாலியப் பளிங்கு வந்ததற்காகக் கல்யாணம் வளவை, அதாவது உள்முற்றத்தை, விட்டு வெளியே போகவில்லை. சாமான் எந்த ஊரிலிருந்து வந்தாலும் புழக்கம் வீட்டாருடையதாகவே இருந்தது. உங்களுக்கும் அதுதான் வழி. நீங்கள் நால்வரும் எங்கே செருப்பைக் கழற்றுகிறீர்கள், எந்த உயரத்தில் உட்கார்கிறீர்கள், எங்கே படுக்கிறீர்கள் என்பதை முதலில் எழுதுங்கள். எதைச் சுவரில் மாட்டுவது என்பது கடைசிப் பக்கத்துக்குப் போகட்டும்.

உட்காரும் உயரம்

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் உங்கள் வீட்டுச் சண்டை முழுவதும் இதற்குள்தான் இருக்கிறது.

ஜப்பானிய அறை தரையில் உட்காருபவரின் கண்ணுக்காகச் செய்யப்பட்டது. தரையில் சம்மணமிட்டால் கண் மட்டம் ஏறக்குறைய இரண்டரை அடி. அங்கே மேசை முழங்கால் உயரம்கூட இருக்காது. படமும் பூவும் தாழ இருக்கும். அதே அறையில் ஒரு நாற்காலி போட்டு ஒருவர் உட்கார்ந்தால் அவர் கண் நான்கடிக்குப் போய்விடும். கீழே இருப்பவர் அண்ணாந்து பேச வேண்டும், மேலே இருப்பவர் குனிந்து பேச வேண்டும். ஊஞ்சலும் நாற்காலி உயரம்தான். இப்போது உங்கள் மாமியாருக்கு மூட்டு வலி, தரையில் உட்கார முடியாது என்று எழுதியிருக்கிறீர்கள். டாடாமி அறை அமைந்தால் அவர் வீட்டிலேயே நுழைய முடியாத ஓர் அறை உருவாகும். அவர் வாசலோடு நின்றுகொள்வார். நாம் அதற்கும் ‘பிடிவாதம்’ என்று பெயர் வைத்துவிடுவோம்.

இதற்கு ஜப்பானியர்களிடமே விடை இருக்கிறது. வயதானவர்கள் உள்ள வீடுகளிலும் சின்ன அடுக்ககங்களிலும் ‘கொஆகரி’ என்று ஒன்று அமைக்கிறார்கள். அறையின் ஒரு மூலையை மேடையாக உயர்த்தி, அதன்மேல் பாயை விரித்து, அடியில் இழுப்பறை வைத்துக்கொள்வது. படத்தைப் பார்த்தால் உங்கள் மாமியாருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அது திண்ணை.

கூடத்தில் ஆறடிக்கு ஒன்பதடி இடம் ஒதுக்குங்கள். மூன்று டாடாமிப் பாய் சேர்ந்தால் வருகிற அளவு அதுதான். ஒரு பாய் ஏறக்குறைய ஆறடிக்கு மூன்றடி என்பது உங்கள் கணவருக்குத் தெரியும். நகோயாவில் அறையின் பரப்பையே பாய்க் கணக்கில்தானே சொல்லியிருப்பார்கள். மேடையின் உயரம் ஒன்றரை அடி, அதாவது 45 சென்டிமீட்டர் இருக்கட்டும். ஜப்பானில் இதைவிடத் தாழவும் அமைப்பார்கள். ஆனால் மூட்டு வலிக்காரர் எழுந்திருக்கத் தாழ்ந்த இருக்கை ஆகாது. இந்த உயரத்தில் மாமியார் விளிம்பில் காலைத் தொங்கவிட்டு உட்காரலாம். கணவர் மேலே சம்மணமிடலாம். ஒன்றரை அடி மேடையும் இரண்டரை அடிக் கண் மட்டமும் சேர்ந்தால் நான்கடி. ஊஞ்சலில் இருப்பவரின் கண்ணும் அதே நான்கடியில். நால்வரும் நேருக்கு நேர் பார்த்துப் பேசலாம். இந்தக் கணக்கைத் தாளில் போட்டபோது எனக்கே ஒரு சின்ன மகிழ்ச்சி.

மேடையைச் செங்கல் வைத்துக் கட்ட வேண்டாம், எடை கூடும். மரச்சட்டத்தின்மேல் பலகை போதும். பாய்க்கு அடியில் காற்றோடும்படி பலகைகளை இடைவெளி விட்டு அடிக்கச் சொல்லுங்கள். ஏறுவதற்கு ஒரு சிறு படியும், மாமியார் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடியும் வேண்டும். இன்னொன்றைக் கட்டாயம் கவனியுங்கள். இத்தகைய மேடையை ஜன்னலோரம் போடத்தான் எல்லோருக்கும் ஆசை. மூன்றடி உயர ஜன்னல் விளிம்பு, மேடையில் நிற்கும் எட்டு வயதுக் குழந்தைக்கு ஒன்றரை அடியாகக் குறைந்துவிடும். நீங்கள் இருப்பது மூன்றாம் மாடி. உறுதியான கிராதி இல்லாத ஜன்னலோரம் மேடை வேண்டவே வேண்டாம்.

ஈரமும் எடையும்

டாடாமியை ஜப்பானிலிருந்து தருவிக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். அசல் பாயின் உள்ளே இறுக்கிக் கட்டிய வைக்கோல், மேலே ‘இகுசா’ என்னும் கோரை போன்ற புல், இரண்டு அங்குலம் கனம். ஈரத்தை உறிஞ்சுவது அதன் இயல்பு. அங்கேயே மழைக் காலத்தில் பூஞ்சை பிடிக்கிறது என்று கவலைப்படுவார்கள். சென்னையின் ஐப்பசி, கார்த்திகையை அது தாங்காது. அதற்கும் மேலாக ஒரு காரணம் உண்டு. நம் வீடு ஈரத் தரை வீடு. காலையில் தண்ணீர் தொட்டுத் துடைக்காத தரையை நாம் சுத்தம் என்றே ஒப்புக்கொள்வதில்லை. டாடாமியோ உலர்ந்த தரைக்கானது. வாரியலால் இழை போன போக்கில் பெருக்க வேண்டும். உங்கள் வீட்டுக்கு வேலைக்கு வரும் அம்மா ஒரு வாரம் மாப் போட்டால் பாயின் கதை முடிந்தது.

திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடையில் கோரைப்பாய் நெய்கிறார்கள். தாமிரபரணிக் கரைக் கோரை, புவிசார் குறியீடு பெற்ற பாய். மேடையின் அளவைச் சொல்லி, கரை கட்டி, மூன்று துண்டாக நெய்து தரக் கேளுங்கள். கழற்றி வெயிலில் உலர்த்தலாம், தேய்ந்தால் மாற்றலாம். இகுசா வாசனை வராது என்று கணவர் குறைப்படுவார். புதுக் கோரைக்கும் ஒரு வாசனை உண்டு, சில நாள் பொறுத்துப் பார்க்கட்டும். அவருக்கு ஜப்பானிய ஒழுங்கு வேண்டுமென்றால் பாயைப் போடும் முறையில் காட்டலாம். நான்கு பாயின் மூலைகள் ஓரிடத்தில் கூடும்படி போடுவதை அங்கே சாவு வீட்டோடு சேர்த்துப் பார்ப்பார்கள். மூன்று பாயில் அந்தச் சிக்கலே எழாது. வடக்கே தலை வைத்துப் படுப்பதை அவர்களும் ஆகாது என்பார்கள். உங்கள் மாமியாரும் கணவரும் சண்டையில்லாமல் ஒத்துப்போகக்கூடிய விஷயம் இது ஒன்றாவது இருக்கிறது.

ஆத்தங்குடிக் கல்லுக்கு வருகிறேன். கண்ணாடித் தட்டின்மேல் உலோக அச்சை வைத்து, சாயம் கலந்த சிமெண்டைக் கரண்டியால் ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் நிரப்பி, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிற கல் அது. சூளையில் சுடுவதில்லை. கல்லின் மினுமினுப்பு அந்தக் கண்ணாடியிலிருந்து வருகிறது. புழங்கப் புழங்க மெருகேறும். ஆனால் புளியும் எலுமிச்சையும் அதற்குப் பகை, ஆசிட் ஊற்றிக் கழுவினால் போயே போயிற்று. ஆகவே சமையலறையில் வேண்டாம்.

கூடம் முழுக்கவும் வேண்டாம் என்பதற்குக் காரணம் எடை. சதுர அடிக்குக் கல் மட்டும் ஏறக்குறைய நான்கு கிலோ. அடியில் போடும் இரண்டு அங்குலக் கலவை இன்னொரு பத்து கிலோ. உங்கள் கூடம் 300 சதுர அடி என்றால் மொத்தம் நான்கு டன்னுக்கு மேல். வீட்டுத் தளங்களில் ஆட்களும் சாமானும் சேர்ந்து ஏற்றக்கூடிய சுமையைச் சதுர மீட்டருக்கு 200 கிலோ என்று கணக்கிடுவது வழக்கம். இருக்கிற தரை ஓட்டின்மேலேயே இதைப் பதித்தால் 150 கிலோ அதிலேயே போய்விடும். பழைய ஓட்டைப் பெயர்த்துவிட்டுப் பதிக்கலாம். அதற்குக் கட்டமைப்புப் பொறியாளரின் எழுத்துபூர்வமான கருத்தும் குடியிருப்போர் சங்கத்தின் அனுமதியும் தேவை. பெயர்க்கும் சத்தத்துக்குக் கீழ்வீட்டாரின் பொறுமையும் தேவை.

எனக்குத் தோன்றுவது வேறு. ஆத்தங்குடிக் கல்லை நிலைவாசலுக்கு உட்புறம் இருபது, இருபத்தைந்து சதுர அடிக்கு மட்டும் பதியுங்கள். உங்கள் மகள் ஷூவைத் திருப்பி வைக்கும் இடம் அது. ஜப்பானிய வீட்டில் ‘கென்கான்’ என்று ஒரு நுழைவிடம் உண்டு. வெளி அதுவரை, வீடு அதற்கு மேல். வீட்டை விட்டுக் கிளம்பும்போது அங்கே நின்று சொல்கிற ‘இத்தெகிமஸ்’ என்ற சொல்லுக்கு நேர்ப் பொருள் ‘போய் வருகிறேன்’. நாமும் வெறுமனே ‘போகிறேன்’ என்று சொல்வதில்லை அல்லவா? அங்கே ஒரு படி தாழ்த்தியிருப்பார்கள். உங்கள் வீட்டில் படி வேண்டாம், மாமியார் தடுக்கி விழுவார். தரை மாறுவதே எல்லையைக் காட்டிவிடும். செருப்பு வீட்டுக்குள்ளா என்று அவர் முகம் சுளிக்கலாம். கதவுள்ள அலமாரி ஒன்றும், உட்கார்ந்து கழற்ற ஒரு பலகையும் போட்டால் அது தீரும். பொது நடைபாதையில் செருப்பு அடுக்கு வைத்துச் சங்கத்திடம் வசவு வாங்குவதும் மிச்சம். பூ ஓடுகளை அந்த நுழைவிடச் சுவரில் இடுப்பளவுக்குப் பதிக்கலாம், ஊரில் இருந்த அதே உயரத்தில்.

சுவருக்கு வால்பேப்பர் எதுவும் வேண்டாம். காகிதக் கதவு போல அச்சடித்த பளபளப்பு லாமினேட் அதைவிட வேண்டாம். சுண்ணாம்பு பூசுங்கள். கடுக்காயும் வெல்லமும் முட்டை வெண்கருவும் சேர்ந்த செட்டிநாட்டுப் பூச்சைப் பற்றி உங்கள் மாமியார் ஒரு மணி நேரம் பேசுவார். ஜப்பானியர்களின் ‘ஷிக்குய்’ பூச்சும் சுண்ணாம்புதான், நாரும் கடற்பாசிப் பசையும் சேர்த்துச் செய்வார்கள். வெள்ளைச் சுண்ணாம்புச் சுவர் முன்னால் கறுத்த தேக்கும் நிற்கும், வெளிர் நிறப் பாயும் நிற்கும். இரண்டையும் சேர்த்து வைக்க இதைவிட நல்ல பின்புலம் எனக்குத் தெரியாது. ஊஞ்சலும் அலமாரியும் கண்ணாடியும் ஒரே அறையில் வேண்டாம். கருந்தேக்கில் பெரிய பொருள் அறைக்கு ஒன்று போதும். வெள்ளை டியூப் லைட்டுக்குக் கீழே பழைய தேக்கு இறந்துபோனது மாதிரி இருக்கும், மஞ்சள் ஒளி கொடுங்கள்.

ஊஞ்சலைத் தளத்தில் துளையிட்டுத் தொங்கவிடலாம் என்று எந்தத் தச்சர் சொன்னாலும் கேட்காதீர்கள். ஆடும் சுமை வேறு, நிற்கும் சுமை வேறு. துளை கம்பியை வெட்டிவிட்டால் மேல்வீட்டாருக்கும் பொல்லாப்பு. தரையில் நிற்கும் சட்டம் செய்து அதில் மாட்டுங்கள். முன்னும் பின்னும் நான்கடி விடுங்கள்.

மேசையாகாத கதவு

நிலைக்கதவு விஷயத்தில் நான் முழுக்க உங்கள் மாமியார் பக்கம். மேலே கஜலட்சுமி செதுக்கியிருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மஞ்சள் குங்குமம் இட்ட நிலையைப் படுக்கவைத்து அதன்மேல் சாம்பார் கிண்ணம் வைப்பதை எந்தப் பாணியின் பெயராலும் என்னால் ஏற்க முடியவில்லை. நிலை நிற்கவேண்டிய பொருள். உள்ளறை நிலை என்பதால் அளவு சிறிதாகத்தான் இருக்கும். பூஜையறைக்குப் பொருந்துகிறதா என்று அளந்து பாருங்கள்.

அதே நியாயத்தை ஜப்பானுக்கும் செய்யுங்கள். அந்தச் சிவப்பு வாயிலின் பெயர் ‘தோரி’. ஷிந்தோ கோவிலுக்குள் நுழைகிறோம் என்பதன் அடையாளம். அதை டி.வி.க்குச் சட்டமாக்குவது, நம் ராஜகோபுரத்தில் டி.வி. மாட்டுவது போலத்தான். உடல் இல்லாத புத்தர் தலை ஜப்பானிய வீட்டு வழக்கமும் அன்று. புத்த சமயத்தார் வீடுகளில் ‘புத்சுதான்’ என்ற சிறு பீடம் இருக்கும், முன்னோரை அங்கே வணங்குவார்கள். உடைத்தும் அறுத்தும் எடுக்கப்பட்ட சிலைகளின் தலைகள் பழம்பொருள் சந்தைக்குப் போனதில் தொடங்கியது இந்தத் தலை மோகம். குளியலறைக்கு எதிரே அது வேண்டுமா என்று உங்கள் கணவரையே கேளுங்கள். ஒன்பது ஆண்டில் எந்த நண்பர் வீட்டிலாவது இப்படி வைத்திருந்ததைப் பார்த்தாரா?

அவருக்கு ஏதாவது ஒன்று ‘அசலாக’ வேண்டுமென்றால் ‘தொகோனோமா’வை எடுத்துக்கொள்ளட்டும். சுவரில் ஒரு மாடம், அதில் ஒரே ஒரு படம், கீழே ஒரே ஒரு பூச்சாடி. பருவம் மாறும்போது படமும் மாறும், மற்றவை பெட்டிக்குள் காத்திருக்கும். உங்களிடம் தஞ்சாவூர்ப் படங்கள் பல இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே சுவரில் மாட்டாமல், வழிபாட்டுக்கு உரியதைப் பூஜையறையில் வைத்துவிட்டு, மற்றதை இந்த முறையில் ஒவ்வொன்றாக வெளியே எடுக்கலாம். மாடம் நமக்கும் புதிதில்லை.

பங்கும் பணமும்

நான் வழக்கறிஞர் இல்லை. வேலையில் அடிபட்டுக் கற்றதைச் சொல்கிறேன்.

பங்காளிகள் பொது வீட்டிலிருந்து வந்த பொருளுக்கு, இன்னது இன்னாருக்கு என்று எல்லாப் பங்குதாரரும் கையெழுத்திட்ட ஒரு பட்டியல் இருக்க வேண்டும். வாய்ப்பேச்சு இப்போது போதும் போலத் தோன்றும். நாளை யாரோ ஒருவரின் மகன் வெளிநாட்டிலிருந்து வந்து தூண் எங்கே என்று கேட்பார். படங்களில் ஏதாவது நூறு ஆண்டைக் கடந்தது என்று தெரிந்தால் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் அதற்குப் பொருந்தும். தொல்லியல் துறையில் பதிவு செய்வது பற்றி விசாரியுங்கள். மறுபடி ஜப்பான் போக நேர்ந்தால் பெட்டியில் போட்டு எடுத்துச் செல்லலாம் என்று நினைக்காதீர்கள், அது குற்றம்.

தூண்கள் பதினோரடி, உங்கள் கூரை ஒன்பதடி நான்கு அங்குலம் என்கிறீர்கள். அறுக்காதீர்கள். ஒரே மரத்தில் கடைந்த பர்மாத் தேக்குத் தூணை அடுக்ககத்துக்காக ஒன்றே முக்கால் அடி வெட்டிய ஒரு வீட்டுக்கு நானே போயிருக்கிறேன். தூணின் தலையில் வரும் போதிகைக்கும் தூணுக்கும் பொருத்தம் போய், குள்ளமாக நின்றிருந்தது. ஊரில் வீடு வைத்திருக்கும் பங்காளி யாருக்காவது கொடுங்கள். அல்லது பட்டியலில் கையெழுத்து வாங்கிக்கொண்டு காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் விலை கேளுங்கள். விற்பதில் அவமானம் ஒன்றுமில்லை. ஒரே கடையில் சொன்ன விலைக்கு விற்றுவிட வேண்டாம்.

நிறுவனத்துக்குக் கொடுத்த மூன்று லட்சத்தைப் பொறுத்தவரை, ஒப்பந்தத்தில் ரத்து செய்வது பற்றி என்ன இருக்கிறது என்று முதலில் படியுங்கள். பிறகு வேலையை நிறுத்தச் சொல்லி மின்னஞ்சல் அனுப்புங்கள். தொலைபேசியில் பேசுவது கணக்கில் வராது. இதுவரை வரைந்த படத்துக்கு எவ்வளவு, வாங்கிய பொருளுக்கு எவ்வளவு என்று ரசீதோடு கேளுங்கள். வேலை தொடங்கவில்லை என்றால், செய்த வேலைக்கு மட்டும் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவதுதான் நியாயம். மறுத்தால் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும், வழக்கறிஞர் கட்டாயமில்லை. ஆனால் முழுத் தொகையும் திரும்பும் என்று எதிர்பார்க்காதீர்கள். அவர்கள் படம் வரைந்திருக்கிறார்கள், நீங்களும் ஒருமுறை தலையாட்டியிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் முறிப்பதற்கு முன், அதே நிறுவனத்திடம் இந்த மேடையையும் நுழைவிடத்தையும் மட்டும் செய்து தரச் சொல்லிப் புதிய மதிப்பீடு கேட்பேன். 14.8 லட்சத்தில் பாதிக்கு மேல் அலங்காரப் பலகையாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம். பொருள்வாரியாகப் பட்டியல் கேட்டாலே அது வெளியே வந்துவிடும்.

எதையும் ஒரே மூச்சில் செய்ய வேண்டாம். முதலில் மேடை. அதில் ஒரு மழைக்காலம் உட்கார்ந்து பாருங்கள். நுழைவிடத் தரை அதற்குப் பிறகு. ஊஞ்சல் சட்டத்தைத் தை மாதம் வைத்துக்கொள்ளலாம். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அளவு நாடாவையும் மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். முகப்பிலிருந்து வளவு வரை பாட்டி நடந்து காட்டட்டும். எந்தச் சாமான் எந்த உயரத்தில் இருந்தது என்பதை அவள் எழுதிக்கொள்ளட்டும். அந்தத் தாள் கிடைத்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். மேடையின் வரைபடத்தை அதை வைத்து நானே போட்டுத் தருகிறேன்.